மடியில் கனம்

புகார் நகரை நீங்கி மதுரைக்குப் புறப்பட்டபோது கோவலனிடம் இருந்த கைப்பொருள் யாது? பெருவணிகன் மகனாகப் பிறந்தும் செல்வமனைத்தையும் தொலைத்த அவனுக்கு எஞ்சியவை மனைவியின் காற்சிலம்புகள் இரண்டே. சோழநாட்டிலிருந்து பாண்டியநாட்டுக்குச் செல்வது அந்நாளில் வேற்றரசின் எல்லைக்குள் புகுவதாகும். அதனை வெளிநாட்டுப் பயணம் என்றே கொள்ளலாம்.

சிலப்பதிகாரத்தைக் கற்போர் ஊழையும், அரசன் பிழையையும், கண்ணகியின் சீற்றத்தையும் பேசுவர். அவை பேசத்தக்கவையே. வணிகக் கண்கொண்டு அக்கதையை நோக்குவோருக்கு மற்றொன்றும் புலப்படும். கோவலன் கொண்டுசென்ற பொருள் மிகப் பெரிது. ஆயினும் அதனைச் சில்லறையாக மாற்ற வழியில்லை. ஒருவேளை உணவுக்காகவோ ஓரிரவுத் தங்கலுக்காகவோ சிலம்பின் ஒரு துண்டை முறித்துக் கொடுக்க இயலாது. அதனை விற்க வேண்டுமாயின் மதிப்பிட வல்லவன் வேண்டும். வாங்கும் வசதி உடையவன் வேண்டும். விற்பவன் இன்னான் என்று அறிந்தவன் ஒருவனாவது அக்கடைவீதியில் வேண்டும். முதலிரண்டும் மதுரையில் இருந்தன. மூன்றாவது இல்லை. பொற்கொல்லன் கள்வன் எனப் பழி சுமத்தியபோது, "இவன் மாசாத்துவான் மகன், இவனை எனக்குத் தெரியும்" என்று சொல்ல அவ்விடத்தில் ஒருவரும் இருந்திலர்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது பழமொழி. மடி வெறுமையாக இருந்தாலும் வழியில் பயம் உண்டென்பதைச் சொல்லப் பழமொழி ஏதும் வேண்டியதில்லை. பயணம் போனவர் எவரும் அறிவர். இவ்விரு பயங்களுக்கும் இடையில் எவ்விடத்தில் நிற்பது என்பதே, வெளிநாடு செல்வோர் ஒவ்வொருவரும் பெட்டியை மூடும்முன் விடைகாண வேண்டிய வினா. கையில் பணமாக எவ்வளவு கொண்டுசெல்வது?

மிகுதியாகக் கொண்டுசென்று இழந்தவர்களின் வரலாறு நீண்டது. ஒருவரைச் சொன்னால் போதும். 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்து புறப்பட்டு அன்றைய உலகின் பெரும்பகுதியைச் சுற்றிய இபின் பதூதா, இலங்கையிலும் மதுரையிலும் தங்கிச் சென்றவர். இலங்கை மன்னர் அளித்த மாணிக்கங்களையும் மணிகளையும் உடன்வைத்துக்கொண்டு கொல்லத்திலிருந்து வடக்கே ஹொன்னாவர் நோக்கிக் கப்பலேறினார். வழியில் கடற்கொள்ளையர் சூழ்ந்தனர். உடுத்திருந்த காற்சட்டை ஒன்று நீங்கலாக அவரிடமிருந்த அனைத்தையும் பறித்துக்கொண்டு கரையில் இறக்கிவிட்டனர். அவர் கோழிக்கோட்டை அடைந்து ஒரு பள்ளிவாசலில் புகுந்தார். சட்ட அறிஞர் ஒருவர் அங்கி அனுப்பினார். நீதிபதி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் அங்கி தந்தார். இபின் பதூதா அந்நகருக்கு முன்பே வந்து பழகியவர். கோவலனுக்கு மதுரைக் கடைவீதியில் வாய்க்காதது அவருக்குக் கோழிக்கோட்டில் வாய்த்தது.

பொருளைச் சுமக்காமலே பொருளின் பயனைத் தொலைவில் பெறுவதற்குத் தமிழ் வணிகர் கையாண்ட வழி உண்டியல். பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் இதனைப் பெரிய அளவில் வழங்கினர். இரங்கூனில் ஒரு கடையில் பணத்தைக் கட்டியவர் ஒரு சீட்டைப் பெறுவார். அச்சீட்டைச் சென்னையில் உரிய கடையில் காட்டினால் பணம் கிடைக்கும். கண்டவுடன் பணம் தரவேண்டியது தரிசன உண்டி. குறித்த நாள் கழித்துத் தரவேண்டியது தவணை உண்டி. கடலில் கப்பல் கவிழ்ந்தாலும் கவிழ்ந்தது சீட்டேயன்றிப் பணமன்று. கோயில்களில் காணிக்கை இடும் பெட்டிக்கும், குழந்தைகள் காசு சேர்க்கும் மண்கலத்திற்கும் அப்பெயரே வழங்குவது தமிழின் அழகு. வங்கிகளைத் தவிர்த்து மறைவாகப் பணம் அனுப்பும் இக்கால முறைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது அழகன்று. அது சட்டத்திற்குப் புறம்பானது. அனுப்பியவரும் பெற்றவரும் தண்டத்திற்கு உள்ளாவர்.

மேலைநாட்டில் 1891ஆம் ஆண்டு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பயணக் காசோலையை வெளியிட்டது. வாங்கும்போது ஒருமுறையும் மாற்றும்போது ஒருமுறையுமாக இருமுறை கையொப்பமிடல் வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் பணம். அடுத்த நூற்றாண்டு முழுவதும் பயணிகளின் கைப்பையில் அது இருந்தது. இன்று அதன் இடத்தில் நெகிழி அட்டை இருக்கிறது. உண்டி, காசோலை, அட்டை ஆகிய மூன்றும் ஒரே தன்மையன. மறுமுனையில் ஒருவர் விழித்திருந்து, "ஆம், இவரை அறிவேன், கொடுக்கலாம்" என்று விடையளிக்க வேண்டும். விடை வந்தால் அட்டை பணம். வாராவிட்டால் அது வெறும் நெகிழித்துண்டு.

இந்தியர்க்கு இவ்வினா நெடுங்காலம் எழவேயில்லை. விடையை அரசே வைத்திருந்தது. விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த ஆண்டுகளில், வெளிநாட்டுக்குப் பயணச்சீட்டு வாங்குவதற்கே ரிசர்வ் வங்கியின் 'பி' படிவ இசைவு தேவைப்பட்டது. 1960களிலும் அதனையடுத்தும் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்ற இந்திய மாணவர் பலர், எட்டு டாலருடன் விமானத்தை விட்டு இறங்கியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கின்றனர். எட்டு டாலரில் ஓரிரவு விடுதியில் தங்கலாம். அல்லது சில வேளை உண்ணலாம். இரண்டையும் செய்ய நினைத்தவர் இடர்ப்பட்டனர். எவ்வளவு கொண்டுசெல்வது என்ற கவலை அவர்களுக்கு இல்லை. யார் வந்து அழைத்துச்செல்வார் என்ற கவலையே இருந்தது. முன்னே சென்று குடியேறிய ஊர்க்காரர் முகவரி ஒன்று எட்டு டாலரினும் மதிப்புடையதாக விளங்கிற்று.

இன்று நிலைமை தலைகீழ். 1999இல் இயற்றப்பட்டு 2000 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் பழைய கெடுபிடிகளைத் தளர்த்திற்று. 2004இல் ரிசர்வ் வங்கி, தனிமனிதர் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர்வரை வெளிநாட்டுக்கு அனுப்ப இசைவளித்தது. அவ்வரம்பு படிப்படியாக உயர்ந்து இப்போது 2,50,000 டாலராக உள்ளது. பணத்தாளாகவும் நாணயமாகவும் கையில் கொண்டுசெல்வதற்கு, பெரும்பாலான நாடுகளைப் பொறுத்தவரை, பயணம் ஒன்றுக்கு 3,000 டாலருக்கு இணையான தொகையே வரம்பு. எஞ்சியதை அட்டையிலோ வங்கிவழியாகவோ கொண்டுசெல்லுதல் வேண்டும். எட்டுக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்ட அந்தப் பரந்த வெளியில் எந்த எண்ணைத் தேர்வது என்பதைப் பயணியே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நெல் கொள்முதல் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் மகள், ஜப்பானின் வடதீவாகிய ஹொக்கைடோவில் முதுநிலைப் படிப்புக்கு இடம்பெற்றாள். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். மார்ச்சு இறுதியில் புறப்பட வேண்டும். அக்குடும்பத்தில் கடல்கடந்தவர் அதுவரை எவருமிலர். உடைகளும், ஊறுகாய்ப் புட்டிகளும், சான்றிதழ்களும் ஒருவாறு பெட்டியில் அடங்கிவிட்டன. பணம் பற்றிய பேச்சு மட்டும் மூன்று மாலைகளாக முடியவில்லை.

"மூவாயிரம் டாலர்வரை கொண்டுபோகலாமென்று வங்கியில் சொன்னார்கள். மூவாயிரத்தையும் எடுத்துக்கொள், அம்மா. கையில் இருப்பதுதான் காசு" என்றார் தந்தை. அவர் தம் பணிக்காலம் முழுவதும், மூட்டைகளை எடைபோட்டு உழவர்க்கு எழுதித்தந்த சீட்டு பணமாவதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பதைக் கண்டவர். சீட்டின்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாமற்போனதில் வியப்பில்லை.

"அட்டை போதும், அப்பா. பல்கலைக்கழக விடுதியில் முன்பின் தெரியாதவர்களோடு இருக்கப்போகிறேன். அவ்வளவு பணத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவேன்?" என்றாள் மகள். அவள் கூற்றும் பொருந்தாதது அன்று. அட்டை தொலைந்தால் தொலைபேசியில் அதனை முடக்கலாம். தொலைந்த பணத்தாளை முடக்க எந்த எண்ணையும் அழைக்க முடியாது.

தான் சேரப்போகும் நகரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவள், 2018 செப்டம்பர் 6ஆம் நாள் நிகழ்ந்த ஒன்றை அறிந்து தானே அதனை வீட்டில் படித்துக்காட்டினாள். அன்று அதிகாலை 3 மணி 7 நிமிடத்திற்கு ஹொக்கைடோவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தீவின் மின்தேவையில் பெரும்பங்கை ஏற்றிருந்த அனல்மின் நிலையம் நின்றது. சற்று நேரத்தில் தீவு முழுவதும் இருளில் மூழ்கிற்று. ஏறத்தாழ 29 இலட்சத்து 50 ஆயிரம் வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. தொடர்வண்டிகள் நின்றன, விமானநிலையம் மூடப்பட்டது. சப்போரோ நகரில் சுற்றுலாப் பயணிகள் செல்லுமிடமின்றித் தவித்தனர். கைப்பேசிக்கு மின்னூட்டம் பெற நகராட்சிக் கட்டடத்தில் நெடுவரிசையில் நின்றனர். அட்டையைப் படிக்கும் கருவிகள் செயலற்றன; ஏ.டி.எம்.கள் உறங்கின. செய்க்கோமார்ட் என்னும் உள்ளூர்க் கடைத்தொடரின் ஊழியர்கள், தம் கார்களின் மின்கலத்திலிருந்து கம்பியிழுத்துக் கணக்குக் கருவியை இயக்கிக் கடைகளைத் திறந்துவைத்தனர். எரிவாயு அடுப்பில் சோறாக்கி உருண்டை பிடித்து விற்ற கடைகளும் உண்டு. ஆனால் அங்கே செல்லுபடியானது கையிலிருந்த யென் மட்டுமே.

"பார்த்தாயா!" என்றார் தந்தை.

"முழுவதும் கேளுங்கள், அப்பா. இரண்டே நாளில் ஏறக்குறைய எல்லா இடங்களுக்கும் மின்சாரம் திரும்பிவிட்டது. இரண்டு நாளுக்கு எதற்கு மூவாயிரம் டாலர்?"

ஒரே நிகழ்ச்சி இருவர் கட்சிக்கும் சான்றாயிற்று. அதுகாறும் வாளாவிருந்த தாய் அப்போது ஒன்று கேட்டார். "நீ அங்கே போய் இறங்கியபின் அட்டை வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள். நாங்கள் இங்கிருந்து அனுப்பும் பணம் உன் கைக்கு வந்துசேர எத்தனை நாளாகும்?"

அதுவே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வீட்டில் அரிசி அளக்கும் பெண்டிர் இத்தனை கிலோ இருக்கிறது என்று எண்ணுவதில்லை. இது எத்தனை நாளைக்கு வரும் என்றே எண்ணுவர். அரசுகளும் அவ்வாறே எண்ணுகின்றன. ஒரு நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு போதுமா என்பதை, அது எத்தனை வார இறக்குமதிக்குப் போதும் என்ற அளவையால் பார்ப்பது பொருளியலார் மரபு. 1991இல் இந்தியாவின் கையிருப்பு ஏறத்தாழ மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது. ஏறத்தாழ 47 டன் பொன்னை வெளிநாட்டு மைய வங்கிகளிடம் ஈடாக வைத்து நாடு கடன்பெற்றது. நாட்டின் வளம் வற்றியதால் வந்த இடர் என்று அதனைச் சொல்லிவிட முடியாது; அடுத்த பணம் வந்துசேரும் நாளுக்கும் கையிருப்புத் தீரும் நாளுக்கும் இடையே விழுந்த இடைவெளியே அவ்விடர். பயணியின் கைப்பணமும் அத்தகைய இடைவெளிக்கு உரியதேயன்றிப் பயணச் செலவு முழுமைக்கும் உரியதன்று.

தாயின் கேள்விக்கு விடைகாண மகள் இரண்டு நாள் அலைந்தாள். ஜப்பானில் நெடுங்காலம் தங்குவோருக்கு விமானநிலையத்திலேயே தங்கல் அட்டை தருவர். குடியேறிய 14 நாள்களுக்குள் உரிய ஊராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிதல் வேண்டும். அதன்பின்னரே வங்கிக் கணக்குத் தொடங்க இயலும். வந்து ஆறு திங்கள் ஆகாதவர்க்குக் கணக்குத் தர வங்கிகள் பல தயங்குவதால், மாணவர் பெரும்பாலும் அஞ்சல் வங்கியை நாடுகின்றனர். கணக்கு இருந்தால்தான் வீட்டிலிருந்து பணம் அனுப்பலாம். ஆகவே, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் பதினைந்து நாள்களுக்கு அவள் தன் கையையே நம்பி நிற்க வேண்டும்.

அட்டை இயங்காமற்போவதற்கு நிலநடுக்கம் வேண்டுவதில்லை என்பதையும் அவள் அறிந்துகொண்டாள். 2020 முதல் இந்திய வங்கிகள் தரும் புதிய அட்டைகள் உள்நாட்டில் மட்டுமே இயங்குமாறு வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை உரியவரே திறந்துவிட வேண்டும். அதனை மறந்து விமானமேறுவோர் உளர். இணையவழிப் பணப்பரிமாற்றத்திற்குரிய கடவுஎண் இந்தியக் கைப்பேசி எண்ணுக்கு வரும். அந்த எண் அயல்நாட்டில் உயிருடன் இராவிட்டால் பணமிருந்தும் பயனில்லை. இவை சிறியவை. 2022 மார்ச்சு 10 முதல், பிறநாடுகளில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் இயங்காமற்போயின. அங்கே மருத்துவம் பயின்ற இந்திய மாணவர் தாம் இழைத்த பிழை ஏதுமின்றியே கையில் அட்டையும் கணக்கில் பணமும் இருக்க, ஒரு வேளை உணவை அதனால் வாங்க இயலாத நிலையைக் கண்டனர். அதற்கு முந்தைய திங்களில்தான் உக்ரைனில் போர் மூண்டு, அந்நாட்டின் மைய வங்கி மக்கள் எடுக்கக்கூடிய பணத்திற்கு நாள்வரம்பு விதித்தது. எல்லையை நோக்கிப் புறப்பட்ட மாணவர்க்கு வழிச்செலவு கையிருப்பில் இருந்ததாகவே அமைந்தது.

தாய் வீட்டுக் கணக்கேட்டின் பின்பக்கத்தில் எழுதலானார். உணவுக்கு நாளொன்றுக்கு 2,500 யென். பதினைந்து நாளுக்கு 37,500. பேருந்து, தொடர்வண்டி, கைப்பேசி இணைப்பு ஆகியவற்றுக்கு 10,000. விடுதியில் முதல் திங்கள் வாடகை 30,000. விடுதி அறை உடனே கிடைக்காவிட்டால் வெளியே இரண்டிரவு தங்க 20,000. கூட்டினால் 97,500. அதனை ஓரிலட்சம் யென் என முழுமையாக்கினார். அது மூவாயிரம் டாலரில் கால்பங்கினும் குறைவு. தந்தைக்கு அது போதாதெனப் பட்டது. மகளுக்கு மிகையெனப் பட்டது. ஆயினும் ஒவ்வொரு வரியும் எதற்கென்று தெரிந்ததால் இருவரும் அடங்கினர்.

எத்தனை தாளாக என்னும் கேள்வி அடுத்து வந்தது. தொகையினும் இது சிறிதன்று. கோவலன் கதை இவ்விடத்தில்தான் நினைவுக்கு வரவேண்டும். இந்தியாவில் நாணயமாற்று முகவர்கள் கேளாவிட்டால் பெரிய தாளாகவே தருவர். ஜப்பானில் 10,000 யென் தாளைப் பெரும்பாலான கடைகளில் மாற்றலாம் என்றாலும், நகர்ப்பேருந்தில் உள்ள சில்லறை மாற்றும் கருவி 1,000 யென் தாளையே ஏற்கும். முதல்நாள் இரவு, பனி கிடக்கும் தெருவில், பெட்டியோடு பேருந்தில் ஏறியவளிடம் பெருந்தாள் மட்டும் இருந்தால் அவளும் சிலம்பு சுமந்தவளே. எனவே பத்தாயிரம் ஆறு, ஐயாயிரம் நான்கு, ஆயிரம் இருபது என முன்கூட்டியே சொல்லி வாங்கினர். ஒரு வாரம் காத்திருக்க நேர்ந்தது.

வந்த தாள்கள் 2024 ஜூலையில் வெளியான புதிய வரிசையைச் சேர்ந்தவை. ஐயாயிரம் யென் தாளில் ஒரு பெண்ணின் உருவம். அவர் சுடா உமெக்கோ. 1871இல் ஜப்பானிய அரசு அமெரிக்காவுக்குக் கல்விகற்க அனுப்பிய ஐந்து சிறுமியருள் இளையவர். கப்பலேறியபோது அவருக்கு வயது ஆறு. பதினோராண்டு கழித்துத் தாயகம் திரும்பிப் பின்னாளில் பெண்களுக்கான கல்லூரி கண்டவர். "ஆறு வயதுப் பிள்ளையையா அனுப்பினார்கள்!" என்று தாய் அத்தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

இனி, பணத்தை எங்கே வைப்பது? அஞ்சறைப்பெட்டியில் கொஞ்சம், அரிசிப்பானையில் கொஞ்சம், புடைவை மடிப்பில் கொஞ்சம் என்று பிரித்துவைக்கும் தமிழ்நாட்டுத் தாய்மாரிடம் இதில் கற்பதற்கு உலகத்துக்கு நிறைய உண்டு. இபின் பதூதாவின் மணிகள் ஒரே கப்பலில் இருந்தன. தாய் மெல்லிய பருத்தித் துணியில் ஒரு சிறு பை தைத்து உள்ளாடையோடு இணைத்தார். பெருந்தாள்களில் நான்கு அதற்குள் சென்றன. சில தாள்கள் புத்தகம் ஒன்றின் அட்டைக்குள்ளும், சில கைப்பையிலும், அன்றாடச் செலவுக்குரிய ஆயிரங்கள் சட்டைப்பையிலும் அமைந்தன. கடவுச்சீட்டும் பணமும் ஒரே பையில் இருத்தலாகாது என்று தந்தை சேர்த்துக்கொண்டார். கூட்டத்தில் பணப்பையைத் திறந்து பெருந்தாளைத் தேடுவதைப்போலக் கள்வரை அழைக்கும் செயல் வேறில்லை. அதனால் வெளியில் எடுக்கும் பையில் ஒருநாள் செலவுக்குமேல் வைக்காதிருப்பது எந்நாட்டிலும் பொருந்தும்.

பேருந்துக்கு அஞ்சி மிகுதியாகக் கொண்டுசெல்வோர் சட்டத்தையும் அஞ்சுதல் நன்று. ஜப்பானுக்குள் பத்து இலட்சம் யென்னுக்கு மேலும், அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோவும் அதற்கு மேலும் கொண்டுசெல்வோர் சுங்கத்தில் அறிவித்தல் வேண்டும். அறிவிப்பதனால் வரி எதுவும் விதிக்கப்படுவதில்லை; அறிவியாது பிடிபட்டால் பணம் பறிமுதலாகலாம். இந்தியாவிலிருந்து வெளியேறும்போது உள்நாட்டு ரூபாயை 25,000 வரை உடன் வைத்திருக்கலாம். திரும்பிவரும் நாளில் விமானநிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வண்டிக்கூலிக்கு அது உதவும். அயல்நாட்டுக் கடைவீதியில் அதனை மாற்ற முனைவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். விதிகள் காலந்தோறும் மாறுவன ஆதலால், புறப்படும்முன் வங்கியில் ஒருமுறை கேட்டறிதல் வேண்டும்.

திரும்பி வந்தபின் எஞ்சிய பணத்துக்கும் விதியுண்டு. செலவழியாத வெளிநாட்டுத் தாள்களைத் திரும்பிய நாளிலிருந்து 180 நாள்களுக்குள் வங்கியிடமோ இசைவுபெற்ற முகவரிடமோ ஒப்படைத்து ரூபாயாக மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்த பயணத்துக்கென 2,000 டாலருக்கு இணையான தாள்களை வைத்திருக்க இசைவுண்டு. நாணயங்களுக்கு மட்டும் வரம்பே இல்லை. எவ்வளவு வேண்டுமாயினும் வைத்துக்கொள்ளலாம். அவற்றை முகவர்கள் பெரும்பாலும் வாங்குவதில்லை.